கோல்கை வழியே ஒரு புரதத்தைப் பின்தொடர்தல்: ஆய்வகத்துக்குப் புதியவர்களுக்கு

செல்லுக்குள் புரதங்களைப் பதப்படுத்தி அனுப்பும் சவ்வு அடுக்கான கோல்கை உடலத்தை ஆராயும் ஆய்வகத்தில் புதிதாகச் சேருபவரிடம், புரதங்களை எடைவாரியாகப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் ஒரு ஜெல் படத்தை முதல் வாரத்திலேயே காட்டுவார்கள். மேலே தெரியும் பட்டை கோல்கையைக் கடந்துவிட்ட புரதம், கீழே தெரிவது கோல்கைக்கு முந்தைய சவ்வு வலையான எண்டோபிளாச வலையிலேயே இன்னும் தங்கியிருக்கும் புரதம் என்று விளக்கமும் சொல்வார்கள். பெரும்பாலான நாட்களில் அந்த விளக்கம் சரியாகவே இருக்கும். ஆனால் அந்தப் பட்டைகள் நேரடியாகக் காட்டுவது புரதம் இருக்கும் இடத்தையல்ல, அதன் மேலுள்ள சர்க்கரைச் சங்கிலியில் எந்த நொதி வேலை செய்து முடித்திருக்கிறது என்பதைத்தான். புரதத்தின் பயணம் ஒரு கேள்வி, அதன் சர்க்கரை மற்றொரு கேள்வி. இரண்டையும் பிரித்துக் கேட்கும்படி ஒரு சோதனையை அமைப்பது எப்படி என்பதைப் படிப்படியாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் பின்னணி, தேவையான அளவுக்கு மட்டும். எண்டோபிளாச வலைக்குள் நுழையும் புரதத்தில், அஸ்பரஜினுக்கு அடுத்து புரோலின் தவிர்த்த ஏதாவது ஓர் அமினோ அமிலமும் அதற்கடுத்து செரீன் அல்லது திரியோனினும் வரும் இடங்களில், 14 சர்க்கரைகள் கொண்ட ஒரு சங்கிலி மொத்தமாக ஏற்றப்படுகிறது: 2 என்-அசெட்டைல்குளுக்கோசமைன், 9 மானோஸ், 3 குளுக்கோஸ். குளுக்கோஸ்கள் எண்டோபிளாச வலையிலேயே வெட்டப்பட்டுவிடும். கோல்கைக்கு வந்தபின் மானோஸ்கள் 5 ஆகக் குறைகின்றன. அதன்மேல் ஒரு நொதி ஒரேயொரு என்-அசெட்டைல்குளுக்கோசமைனைச் சேர்க்கிறது. அது சேர்ந்த பிறகுதான் மானோசிடேஸ்-2 என்ற நொதி மேலும் இரண்டு மானோஸ்களை வெட்டுகிறது. காலக்டோஸும் சியாலிக் அமிலமும் அதற்குப் பின்னர் வருபவை. இந்த வரிசையில் நம் சோதனைக்கு முக்கியமானது மானோசிடேஸ்-2 வெட்டும் தருணம். அதுவரை எண்டோ-எச் என்ற பாக்டீரிய நொதியால் சங்கிலியைப் புரதத்திலிருந்து கழற்ற முடியும், அதற்குப் பின் முடியாது. பி.என்.கேஸ்-எஃப் என்ற மற்றொரு நொதியோ, விலங்குச் செல்களின் இத்தகைய சங்கிலிகளை அவை எந்த நிலையில் இருந்தாலும் கழற்றிவிடும்.

முதல் படி: பின்தொடர ஒரு புரதம்

உங்கள் ஆர்வம் எந்தப் புரதத்தில் இருந்தாலும், கை பழகும்வரை வெசிகுலார் ஸ்டொமாடிட்டிஸ் வைரஸின் ஜி புரதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் டி.எஸ்.ஓ.45 என்ற திரிபு வடிவம் 40 டிகிரி செல்சியஸில் சரியாக மடியாமல் எண்டோபிளாச வலையிலேயே நின்றுவிடுகிறது. வெப்பத்தை 32 டிகிரிக்கு இறக்கினால் மடிப்பு சரியாகி, செல்லில் காத்திருந்த மூலக்கூறுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் புறப்படுகின்றன. புறப்படும் நேரத்தை நாமே தீர்மானிக்க முடிவதால்தான் இந்தப் புரதம் இத்துறையில் இவ்வளவு காலம் புழங்கிவருகிறது. வால் பகுதியில் பச்சை ஒளிர்புரதம் இணைத்த வடிவம் கிடைத்தால், அதே புரதத்தை ஜெல்லிலும் பார்க்கலாம், நுண்ணோக்கியிலும் பார்க்கலாம்.

அந்த இணைப்புக்கு ஒரு விலை உண்டு. ஜி புரதத்தில் சர்க்கரை ஏறும் இடங்கள் இரண்டே. இரண்டு சங்கிலிகளும் கழன்றால் எடை ஏறக்குறைய 4 கிலோடால்டன் குறையும். தனி ஜி புரதத்தில் இது தெளிவாகத் தெரியும். ஒளிர்புரதம் சேர்ந்து 90 கிலோடால்டனைத் தாண்டிய புரதத்தில் இதைப் பார்க்க வேண்டுமானால், 7.5 சதவீத ஜெல்லை, நீலச் சாயம் வெளியேறிய பிறகும் நெடுநேரம் ஓட்ட வேண்டியிருக்கும். முதல் ஜெல்லில் பட்டைகள் பிரியாமல் போனதைக் கண்டு நொதி வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு.

இரண்டாம் படி: வெப்பத்தை நம்பாமல் அளப்பது

ஹீலா அல்லது காஸ்-7 என்ற ஆய்வக வளர்ப்புச் செல்களில் மாலையில் அந்தப் புரதத்துக்கான டி.என்.ஏ.வைச் செலுத்தி, சில மணி நேரத்தில் 40 டிகிரிக்கு மாற்றி, இரவு முழுவதும் அங்கேயே விடுங்கள். டி.என்.ஏ.வின் அளவைக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள். அளவுக்கு மீறிய புரதத்தை உற்பத்தி செய்யும் செல்லில் எண்டோபிளாச வலையே திணறிப்போயிருக்கும், அங்கே காணும் தாமதத்துக்குக் கோல்கையைக் குறைசொல்ல முடியாது.

மறுநாள் காலையில் செய்யும் முதல் வேலை வெப்பநிலையைச் சரிபார்ப்பதாக இருக்கட்டும். இதை நான் கற்றுக்கொண்ட விதம் இதுதான். தொடங்கிய காலத்தில் என் ஜெல்களில், புறப்படுவதற்கு முந்தைய பூஜ்ஜிய நிமிட மாதிரியிலேயே, எண்டோ-எச்சுக்கு அசையாத மங்கலான ஒரு மேல்பட்டை தெரிந்தது. எண்டோபிளாச வலையிலிருந்து யாரும் கவனிக்காத ஒரு கசிவைக் கண்டுபிடித்துவிட்டதாக மூன்று வாரம் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு மாலையில், இன்குபேட்டருக்குள் தண்ணீர் நிரப்பிய குடுவையில் கண்ணாடி வெப்பமானியை நிறுத்தி, மறுநாள் காலையில் கதவைத் திறந்தவுடன் படித்தேன். வெளியே எண்பலகை 40 என்று காட்டிக்கொண்டிருக்க, பாதரசம் 38-ஐத் தொடவில்லை. கசிவு புரதத்தில் இருந்ததல்ல, கதவின் ரப்பர் விளிம்பில் இருந்தது.

வெப்ப நாடுகளில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. மே மாதத்தில் ஏ.சி. நின்றுபோன அறையின் வெப்பம் 32 டிகிரி என்றால், அதுவே இந்தப் புரதத்துக்குப் புறப்பாட்டு அனுமதி. 40 டிகிரியில் இருந்த தட்டை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டு நின்றால், உங்களைக் கேட்காமலேயே சோதனை தொடங்கிவிடும். பூஜ்ஜிய நிமிடத் தட்டு இன்குபேட்டரிலிருந்து நேராகப் பனிக்கட்டிக்குத்தான் செல்ல வேண்டும்.

மூன்றாம் படி: புறப்பாடும் நிறுத்தமும்

புறப்படுவதற்குச் சற்றுமுன் புதுப் புரத உற்பத்தியை நிறுத்த, மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் சைக்ளோஹெக்சிமைடு சேருங்கள். இது மனிதர்க்கும் நஞ்சு, எனவே கையுறை கட்டாயம். பிறகு, முன்பே 32 டிகிரிக்குக் கொண்டுவந்த வளர்ப்பு ஊடகத்தை மாற்றி ஊற்றுங்கள். தட்டுகளைக் கார்பன் டை ஆக்சைடு இல்லாத தண்ணீர்த் தொட்டியில் வைப்பதானால், ஊடகத்தில் அமிலநிலையை மாறாமல் காக்கும் ஹெப்பஸ் இருக்க வேண்டும். 0, 10, 20, 30, 45, 60, 90 நிமிடங்களில் ஒவ்வொரு தட்டாக எடுத்துப் பனிக்கட்டியில் வைத்துக் குளிர்ந்த உப்புக்கரைசலால் கழுவுங்கள். பனிக்கட்டியில் போக்குவரத்து நின்றுவிடும். எனவே, எல்லாத் தட்டுகளும் சேரும்வரை காத்திருந்து ஒன்றாகவே செல்களைக் கரைக்கலாம்.

ஒரு தட்டையாவது நுண்ணோக்கியின் கீழ் வைத்து, உயிருடன் இருக்கும் செல்களில் இந்தப் பயணத்தைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். ஜெல் பட்டைகள் எதைப் பற்றியவை என்பது அதற்குப் பிறகுதான் மனத்தில் பதியும். தொடக்கத்தில் செல் முழுவதும் பின்னிய வலையாகப் பச்சை நிறம் பரவியிருக்கும். சில நிமிடங்களில் வலையின்மேல் புள்ளிகள் தோன்றி, கண்ணுக்குத் தெரியாத தண்டவாளத்தில் செல்வதுபோல் நின்று நின்று நியூக்ளியஸை நோக்கி ஓடும். அரைமணி நேரத்துக்குள் நியூக்ளியஸின் ஒரு பக்கத்தில் பிறைபோல ஒளி திரண்டுவிடும், அதுதான் கோல்கை. ஒரு மணி நேரம் கடந்ததும் அந்தப் பிறை மங்கத் தொடங்கும், செல்லின் விளிம்பு துலங்கும்.

பயணத்தை நடுவழியில் நிறுத்தவும் வெப்பத்தையே பயன்படுத்தலாம். 15 டிகிரியில் புரதம் எண்டோபிளாச வலைக்கும் கோல்கைக்கும் இடைப்பட்ட பகுதியில் தேங்கும், 20 டிகிரியில் கோல்கையின் வெளியேறும் முகத்தில் தேங்கும்.

வெப்பத்தை மாற்றுவது செல்லின் மற்ற வேலைகளையும் பாதிக்கும் என்று கவலைப்படுபவர்கள், 2012-இல் பாரிஸின் கியூரி நிறுவனத்திலிருந்து வெளிவந்த 'ரஷ்' முறையை நாடலாம். அதில் ஸ்ட்ரெப்டவிடின் கொக்கி ஒன்று புரதத்தை எண்டோபிளாச வலையில் பிடித்துவைத்திருக்கும், பயோட்டின் சேர்த்தவுடன் விட்டுவிடும். வெப்பம் 37 டிகிரியிலேயே இருக்கலாம். ஆனால் ஊடகத்தின் உட்பொருள் பட்டியலைப் படிக்காமல் இதைத் தொடங்காதீர்கள். ஆர்.பி.எம்.ஐ. ஊடகத்தில் பயோட்டின் ஏற்கெனவே இருக்கிறது. அதில் வளர்ந்த செல்களில் கொக்கியால் பிடித்துவைக்க முடியாது.

நான்காம் படி: நொதியால் வெட்டுவது

கரைத்த ஒவ்வொரு மாதிரியையும் மூன்று குழாய்களில் பிரியுங்கள்: ஒன்று நொதி இல்லாமல், ஒன்று எண்டோ-எச்சுடன், ஒன்று பி.என்.கேஸ்-எஃப்புடன். மூன்றையும் 0.5 சதவீத எஸ்.டி.எஸ். (சோப்பு போன்ற பொருள்), 40 மில்லிமோலார் டைதையோதிரைட்டால் உள்ள கரைசலில் 100 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்கினால் மடிப்பு அவிழ்ந்து, நொதிக்கு வழி கிடைக்கும். சவ்வைப் பலமுறை ஊடுருவும் புரதமாக இருந்தால் இந்தக் கொதிநிலையில் அது கட்டிதட்டி ஜெல்லின் வாயிலேயே நின்றுவிடலாம், அதற்கு மிதமான சூடு போதும். எண்டோ-எச்சுக்கு ஓரளவு அமிலத்தன்மையுள்ள, பி.எச். 6-ஐ ஒட்டிய கரைசல் தேவை. பி.என்.கேஸ்-எஃப்புக்கு 7.5 வேண்டும். பி.என்.கேஸ்-எஃப்பை எஸ்.டி.எஸ். செயலிழக்கச் செய்துவிடும், அதனால் அந்தக் குழாயில் 1 சதவீத என்.பி.-40 என்ற மென்மையான சோப்புப் பொருளைச் சேர்த்த பிறகே நொதியை விட வேண்டும். இந்த ஒரு சொட்டை மறந்ததால் வீணான மாதிரிகளுக்குக் கணக்கே இல்லை. பிறகு 37 டிகிரியில் ஒரு மணி நேரம்.

நொதி இல்லாத குழாயும் இதே சூடு, இதே கரைசல், இதே ஒரு மணி நேரத்தைக் கடந்திருக்க வேண்டும். உறைபெட்டியில் சும்மா கிடந்த மாதிரியை அதற்குப் பதிலாக ஓட்டக் கூடாது.

ஐந்தாம் படி: பட்டைகளைப் படிப்பது

பூஜ்ஜிய நிமிடத்தில் எண்டோ-எச் குழாயின் பட்டை முழுவதும் கீழே இறங்கியிருக்க வேண்டும். பி.என்.கேஸ்-எஃப் பட்டை அதைவிட ஒரு மயிரிழை கீழே இருக்கும். எண்டோ-எச் வெட்டும்போது அடிப்பகுதியில் ஒரு சர்க்கரையை விட்டுச்செல்கிறது, பி.என்.கேஸ்-எஃப் எதையும் விடுவதில்லை. நேரம் செல்லச் செல்ல எண்டோ-எச்சுக்கு அசையாத மேல்பட்டை வளரும். மேல்பட்டையின் அடர்த்தியை இரண்டு பட்டைகளின் மொத்த அடர்த்தியால் வகுத்தால், மானோசிடேஸ்-2 வேலை முடித்த பங்கு கிடைக்கும். சர்க்கரை இரண்டு இடங்களில் ஏறுவதால், ஒன்று மட்டும் மாறிய நடுப்பட்டையும் சில நேரங்களில் தென்படும். அதை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று முன்பே தீர்மானித்து எழுதிவையுங்கள், முடிவைப் பார்த்த பிறகு தீர்மானிக்காதீர்கள்.

மானோசிடேஸ்-2 வேலை முடித்த பங்கு என்று நான் சொன்னதைக் கோல்கையைக் கடந்த பங்கு என்று உடனே மொழிபெயர்த்துவிட வேண்டாம். இரண்டு மருந்துகள் இந்த வேறுபாட்டை உங்கள் கண்முன்னே நிறுத்தும். இரண்டையும் முதல் மாதத்திலேயே செய்துபார்ப்பது நல்லது.

ஸ்வைன்சொனின் மானோசிடேஸ்-2-ஐ முடக்குகிறது. அது இருக்கும்போது புரதம் கோல்கையைக் கடந்து செல் பரப்பை அடையும், ஆனாலும் எண்டோ-எச்சால் வெட்டப்பட்டு முழுவதும் கீழே இறங்கும். ஜெல்லை மட்டும் பார்த்தவர், புரதம் புறப்படவே இல்லை என்று எழுதிவிடுவார்.

பிரெஃபெல்டின்-ஏ இதற்கு நேரெதிர். மில்லிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் சேர்த்தால், கோல்கையின் நொதிகள் பின்னோக்கி வழிந்து எண்டோபிளாச வலையில் கலந்துவிடுகின்றன. புரதம் இருந்த இடத்திலேயே இருக்க, நொதி அதைத் தேடிவந்து வேலை செய்துவிடுகிறது. எண்டோபிளாச வலையைவிட்டு அசையாத புரதத்தில் ஒரு பங்காவது எண்டோ-எச்சுக்கு அசையாததாக மாறுகிறது. இது 1989-இலேயே தெரிந்த உண்மை என்றாலும், இன்றும் பலரை ஏமாற்றுகிறது.

எனவே சர்க்கரையைச் சாராத ஓர் அளவு எப்போதும் உடனிருக்க வேண்டும். ஜி புரதத்துக்கு இது எளிது. செல்களைத் துளையிடாமல், புரதத்தின் வெளிப்பகுதியைப் பற்றும் ஆன்டிபாடியால் சாயமேற்றினால் பரப்பை அடைந்தவை மட்டுமே தெரியும், பச்சை ஒளி மொத்தத்தையும் காட்டும். இரண்டின் விகிதம்தான் பயணத்தின் உண்மையான கணக்கு.

இத்துறையின் வரலாறே இந்தக் குழப்பத்தில் ஒருமுறை சிக்கியது. 1980-களின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டில் ஜேம்ஸ் ரோத்மனின் குழு, கோல்கைப் போக்குவரத்தைச் சோதனைக் குழாய்க்குள் கொண்டுவந்தது. என்-அசெட்டைல்குளுக்கோசமைனைச் சேர்க்கும் நொதி இல்லாத சி.எச்.ஓ. செல்களின் (சீன வெள்ளெலியின் சூலகச் செல்கள்) கோல்கையில் ஜி புரதம் இருந்தது. நொதியுள்ள இயல்பான கோல்கையை அதனுடன் கலந்து, கதிரியக்க டிரிட்டியம் ஏற்றிய சர்க்கரையைக் கொடுத்தார்கள். ஜி புரதத்தில் கதிரியக்கம் ஏறினால் ஓர் உடலத்திலிருந்து மற்றொன்றுக்குச் சரக்கு சென்றிருக்கிறது என்று பொருள்கொண்டார்கள். சரக்கைச் சுமக்கும் நுண்பைகள் இலக்குச் சவ்வுடன் இணைய உதவும் புரதங்கள் பல இந்த வழியில்தான் பிடிபட்டன, 2013-இல் ரோத்மனுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் அந்தக் குழாயில் சரக்கு நொதியிடம் சென்றதா, நொதி சரக்கிடம் வந்ததா என்ற கேள்வி பின்னாளில் எழுந்தது. சர்க்கரை ஏறுவதற்கு இருவரும் சந்தித்தால் போதும், யார் நடந்தார்கள் என்பது அந்த அளவீட்டில் தெரியாது. 2006-இல் சிகாகோவில் பெஞ்சமின் கிளிக்கின் குழுவும் ஜப்பானில் அகிஹிகோ நகானோவின் குழுவும், ஈஸ்ட் செல்லின் தனித்த கோல்கைத் தட்டு (கோல்கையின் சவ்வு அடுக்கு) ஒன்றே, சரக்கு நுழையும் முன்முகத்தின் நிறத்திலிருந்து வெளியேறும் பின்முகத்தின் நிறத்துக்கு மாறுவதைத் தனித்தனியே படம்பிடித்துக் காட்டின. தட்டு முதிர்கிறது என்றால் நொதிகள் தொடர்ந்து பின்னோக்கித் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும், அதாவது நொதிதான் சரக்கிடம் வருகிறது.

ஆறாம் படி: கோல்கையின் வடிவத்தைப் பார்ப்பது

4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் நிலைநிறுத்திய செல்களில், முன்முகத்துக்கு ஜி.எம்.130, பின்முகத்துக்கு டி.ஜி.என்.46 என்ற இரண்டு அடையாளப் புரதங்களுக்கான ஆன்டிபாடிகளைச் சேர்த்தே பயன்படுத்துங்கள். சாதாரண ஒளி நுண்ணோக்கியால் 200 நானோமீட்டருக்குக் குறைந்த இடைவெளியைப் பிரிக்க முடியாது. முறுக்கிக் கிடக்கும் நாடா வடிவக் கோல்கையில் இரண்டு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று விழும். நொகோடசோல் கொடுத்து நுண்குழல்களைக் கலைத்தால், சில மணி நேரத்தில் கோல்கை சிறு அடுக்குகளாகச் செல் முழுவதும் சிதறும், அப்போது முகங்கள் தெளிவாகப் பிரிந்து தெரியும்.

சிதறிய கோல்கையைக் கண்டவுடன் மகிழ்ந்துவிடாதீர்கள். பிரியும் செல்லில் கோல்கை இயல்பாகவே உடைகிறது, சாகும் செல்லிலும் உடைகிறது. டி.என்.ஏ.வுக்கும் சாயமேற்றி, அத்தகைய செல்களை ஒதுக்கிவிட்டு எண்ணுங்கள்.

ஏழாம் படி: லெக்டின்களால் சர்க்கரையைக் கேட்பது

எந்தச் சர்க்கரை வெளியே தெரிகிறது என்பதை அறிய, ஒவ்வொரு சர்க்கரையையும் தேர்ந்து பற்றும் தாவரப் புரதங்களான லெக்டின்கள் இருக்கின்றன. இவற்றின் பட்டியலைப் படித்தால் நம் ஊர்த் தோட்டத்தில் நடப்பதுபோல் இருக்கும். வாளவரையின் இனத்தைச் சேர்ந்த ஓர் அவரையிலிருந்து வரும் கான்-ஏ மானோஸைப் பற்றும். நிலக்கடலை லெக்டின், சியாலிக் அமிலம் மூடாத காலக்டோஸைப் பற்றும். பலாக்கொட்டையின் ஜக்கலின் என்ற லெக்டின், செரீன் அல்லது திரியோனின் மீது ஏறும் சர்க்கரைகளைத் தேடும். கோதுமை முளையின் லெக்டின், கோல்கையையும் செல் பரப்பையும் ஒளிரச் செய்யும்.

லெக்டின் வேலையில் மூன்று கவனங்கள் போதும். தடுப்புக் கரைசலில் சீரமோ பாலோ கூடாது, அவற்றின் புரதங்களிலேயே சர்க்கரை நிறைந்திருக்கிறது. கான்-ஏவுக்குக் கால்சியமும் மாங்கனீசும் தேவை, எனவே அவற்றைப் பறிக்கும் ஈ.டி.டி.ஏ. கலந்த கரைசலைத் தவிருங்கள். மூன்றாவதாக, லெக்டினுடன் அது பற்றும் சர்க்கரையையே மிகுதியாகக் கலந்த ஒரு தட்டு வேண்டும். அந்தத் தட்டிலும் ஒளி தெரிந்தால், அது சர்க்கரையின் ஒளி அல்ல.

சியாலிக் அமிலத்தை அளப்பவர்கள் வளர்ப்பு ஊடகத்தையும் சந்தேகிக்க வேண்டும். மனிதச் செல்களால் நியூ-5-ஜி.சி. என்ற சியாலிக் அமில வகையை உருவாக்க முடியாது, அதற்கான மரபணு நம் இனத்தில் செயலிழந்துவிட்டது. ஆனால் மாட்டுச் சீரத்தில் அது உண்டு, மனிதச் செல்கள் அதை எடுத்துத் தம் புரதங்களில் ஏற்றிக்கொள்கின்றன. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் படித்து, சான் டியாகோவில் ஆய்வு நடத்தும் அஜித் வர்க்கியின் குழு துலக்கிய செய்திகள் இவை.

பயணமும் சர்க்கரையும் தனித்தனியானவை என்பதற்கு மருந்து எதுவும் இல்லாமலேயே கிடைக்கும் சான்று, எட்டு உறுப்புப் புரதங்கள் கொண்ட காக் என்ற கூட்டமைப்பு. கோல்கைக்குள் பின்னோக்கி வரும் நுண்பைகளைப் பிடித்து நிறுத்துவது அதன் வேலை. அதன் உறுப்பொன்று பழுதானால் சரக்கின் பயணம் பெரும்பாலும் தொடர்கிறது, ஆனால் நொதிகள் தம் இடத்துக்குத் திரும்ப முடியாமல் சிதறுகின்றன. சரக்கு அரைகுறைச் சர்க்கரையுடன் பரப்புக்கு வந்து சேர்கிறது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மான்டி கிரீகரின் குழு, இரத்தக் கொழுப்பைச் செல்லுக்குள் எடுக்கும் கொழுப்பேற்பி சரியாக வேலை செய்யாத சி.எச்.ஓ. செல்களைத் தேடிப் பிரித்தபோது முதலில் கண்டவை இத்தகைய பழுதுகள்தாம். 2004-இல் இதே கூட்டமைப்பின் ஏழாவது உறுப்பின் பழுது பச்சிளங் குழந்தைகளின் கடும் நோயாகவும் அடையாளம் காணப்பட்டது. இத்தகைய நோய்களைக் கண்டறிய, இரத்தத்திலுள்ள டிரான்ஸ்ஃபெரின் புரதம் சுமக்கும் சியாலிக் அமிலங்களை எண்ணுகிறார்கள், இயல்பாகப் பெரும்பாலான மூலக்கூறுகளில் அவை நான்கு. சங்கிலி முழுவதுமே காணாமல் போயிருந்தால் பழுது பெரும்பாலும் எண்டோபிளாச வலையிலோ அதற்கு முந்தைய தயாரிப்பிலோ இருக்கும். சங்கிலி இருந்து நுனி மட்டும் குறைந்திருந்தால் கோல்கையில் தேடத் தொடங்குவார்கள்.

காக் பழுதான செல்கள் உங்கள் ஆய்வகத்தில் இருந்தால், மேலே சொன்ன நேர வரிசை முழுவதையும் இயல்பான செல்களுடன் அருகருகே ஒருமுறை ஓட்டிப்பாருங்கள். எண்டோ-எச் ஜெல், பரப்பு ஆன்டிபாடி, லெக்டின் ஆகிய மூன்று கணக்குகளையும் ஒரே தாளில், ஒரே நேர அச்சின்மேல் வரைந்துகொள்ளுங்கள். கோடுகள் எந்த நிமிடத்திலிருந்து ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றனவோ, அந்த நிமிடத்துத் தட்டைத்தான் அடுத்த வாரம் நுண்ணோக்கியின் கீழ் வைக்க வேண்டும்.